பீகின், நான்கின், கேன்டன்: வெய்ன் கவுன்ட்டி டவுன்ஷிப்புகளின் பெயர்க்கதை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரின் நடுவிலிருந்து மேற்கே காரில் அரை மணி நேரம் போனால் கேன்டன் என்ற ஊர் வரும். கார்த் தொழிலை நம்பிப் போய்க் குடியேறிய இந்தியக் குடும்பங்கள் அங்கே நிறைய. அதில் தமிழர்களும் உண்டு. ஊருக்குள் இந்துக் கோயில்கூட இருக்கிறது. பெயர் மட்டும் சீனாவினுடையது. இன்றைய குவாங்சோ துறைமுகத்தை ஐரோப்பியர்கள் அந்தக் காலத்தில் கேன்டன் என்றுதான் அழைத்தார்கள். இந்த ஊருக்குக் கிழக்கே ஒட்டியிருப்பது வெஸ்ட்லேண்ட். 1966 வரை அதன் பெயர் நான்கின், அதாவது நான்ஜிங். நான்கினுக்கும் கிழக்கே 1829 முதல் 1833 வரை பீகின் என்றொரு ஊர் இருந்தது. அது பெய்ஜிங்.

இந்த ஊர்களை அமைத்தவர்களில் சீனர் ஒருவரும் இல்லை. நியூயார்க் பக்கமிருந்தும் நியூ இங்கிலாந்திலிருந்தும் மாட்டு வண்டியோடு வந்த விவசாயிகள்தான் அவ்வளவு பேரும். அப்படியிருக்க இந்தப் பெயர்கள் ஏன் வந்தன, மூன்றில் இரண்டு ஏன் போயின என்று பார்த்தால், வெய்ன் கவுன்ட்டி என்ற நிலப்பரப்பு எப்படித் துண்டு துண்டாக வெட்டப்பட்டது என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. கவுன்ட்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. டவுன்ஷிப் என்றதும் நமக்கு நெய்வேலியில் இருப்பதுபோல ஊழியர் குடியிருப்பு நினைவுக்கு வரும். அமெரிக்காவின் இந்தப் பகுதியில் அது ஒரு உள்ளாட்சி அலகு. வீடே இல்லாத காடாக இருந்தாலும் அது டவுன்ஷிப்தான். அந்த வார்த்தைக்கு அங்கே இரண்டு பயன்பாடுகள் உண்டு. நில அளவைக்காரர்கள் தாளில் கோடு போட்டு வெட்டிய சதுரமும் டவுன்ஷிப். அங்கே குடியேறியவர்கள் கூடி வாக்களித்து வரி போட்டு நடத்திய ஆட்சியும் டவுன்ஷிப். இரண்டும் பல இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே பொருந்தும். பொருந்தாத இடங்களும் உண்டு.

சதுரம் வந்தது 1785இல் அமெரிக்க காங்கிரஸ் போட்ட நிலச் சட்டத்திலிருந்து. ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம் என்று நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். பதினாறாம் எண் செக்‌ஷன் பள்ளிக்கூடத்துக்கு. மிச்சிகனில் இந்த அளவை 1815இல் ஆரம்பமானது. தெற்கு வடக்காக ஒரு அடிப்படைக் கோடு, கிழக்கு மேற்காக இன்னொன்று. அந்தக் கிழக்கு மேற்குக் கோட்டின் மேல்தான் இன்று டெட்ராய்ட்டின் எட்டு மைல் ரோடு ஓடுகிறது. வெய்ன் கவுன்ட்டிக்கும் வடக்கே இருக்கும் ஓக்லேண்ட் கவுன்ட்டிக்கும் எல்லையும் அதுதான்.

ஆனால் அளவைக்காரர்கள் வந்தபோது நிலம் வெறுமையாகக் கிடக்கவில்லை. டெட்ராய்ட் 1701இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய ஊர். ஆற்றங்கரையில் அவர்களுடைய பண்ணைகள் நாடா போல நீளமாக இருந்தன. ஒவ்வொருவருக்கும் ஆற்றில் கொஞ்சம் முகப்பு, அங்கிருந்து உள்ளே மைல் கணக்கில் ஓடும் குறுகிய பட்டை. அமெரிக்க அரசு இந்தப் பட்டைகளைத் தனியார் உரிமை என்று ஒப்புக்கொண்டுவிட்டது. அதனால் ஆற்றை ஒட்டிய டவுன்ஷிப்புகளில் சதுரம் செல்லுபடியாகவில்லை. ஹாம்ட்ராமிக், ஸ்பிரிங்வெல்ஸ், இகோர்ஸ், குரோஸ் பாயின்ட் எல்லாம் கோணல் மாணலாக இருந்ததற்கு அதுதான் காரணம். ஆற்றிலிருந்து மேற்கே நகர நகரக் கோடுகள் நேராகிவிடும். இன்றைய வரைபடத்தில்கூட டெட்ராய்ட்டின் பழைய பகுதித் தெருக்கள் ஆற்றின் வளைவுக்கு ஏற்பச் சாய்ந்தும், லிவோனியா பக்கத்துத் தெருக்கள் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோலவும் இருப்பதைக் காணலாம்.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் முந்தியவர்கள் ஒடாவா, ஒஜிப்வே, போடவாடோமி, வயன்டாட் மக்கள். 1807 நவம்பரில் டெட்ராய்ட்டில் கவர்னர் வில்லியம் ஹல் அவர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையில்தான் மிச்சிகனின் தென்கிழக்கு மூலை முழுவதும் அமெரிக்க அரசின் கைக்குப் போனது. அந்தக் கையெழுத்துகள் இல்லையென்றால் சதுரமும் இல்லை, டவுன்ஷிப்பும் இல்லை. ஊர்ப்பெயர்களைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் போவது நியாயமில்லை.

கவுன்ட்டியே 1796இல்தான் பிறந்தது. அந்த ஜூலையில் பிரிட்டிஷ் படை டெட்ராய்ட்டைக் காலி செய்தது. ஆகஸ்ட் 15 அன்று, கவர்னர் ஊரில் இல்லாத நேரத்தில், இன்னும் மாநிலமாகாத பகுதியான வடமேற்குப் பிரதேசத்தின் செயலாளர் வின்த்ரப் சார்ஜென்ட் புதிய கவுன்ட்டியை அறிவித்தார். வைத்த பெயர், படைத் தளபதி ஆன்டனி வெய்னுடையது. வெய்ன் அப்போது உயிரோடு இருந்தார். அந்த ஆண்டு டிசம்பரில்தான் இறந்தார். அன்றைய வெய்ன் கவுன்ட்டி இன்றைய மிச்சிகனின் கீழ்த் தீபகற்பம் முழுவதையும், ஒஹாயோ, இண்டியானா பகுதிகளையும் அடக்கியது. சிகாகோ நிற்கும் இடம்கூட அதற்குள்தான் இருந்தது.

இவ்வளவு பெரிய கவுன்ட்டியை 1798 நவம்பரில் நான்கே டவுன்ஷிப்பாகப் பிரித்தார்கள்: டெட்ராய்ட், மாக்கினா, சார்ஜென்ட், ஹாம்ட்ராமிக். முதல் இரண்டும் ஏற்கனவே இருந்த பெயர்கள். மூன்றாவது, கவுன்ட்டியை அறிவித்த அதே செயலாளரின் பெயர். நான்காவது, டெட்ராய்ட் கோட்டைக்குத் தலைமை தாங்கிய ஜான் பிரான்ஸ்வா ஹாம்ட்ராமிக்கின் பெயர். கியூபெக்கில் பிறந்து அமெரிக்கப் படையில் சேர்ந்தவர் அவர். அவரும் அப்போது உயிரோடுதான் இருந்தார். ஆக, முதல் சுற்றில் பெயர் வைக்கும் அதிகாரம் முழுக்கப் படைக்காரர்களிடமும் அதிகாரிகளிடமும் இருந்தது. குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

அடுத்த முப்பது வருடங்களில் புதிய மாநிலங்களும் கவுன்ட்டிகளும் பிரிந்து போய், வெய்ன் கவுன்ட்டி சுருங்கிக்கொண்டே வந்தது. 1825இல் ஈரி கால்வாய் திறந்ததும் நிலைமை தலைகீழானது. நியூயார்க்கின் உள்நாட்டுப் பகுதிகளிலிருந்து படகில் பஃபலோ வந்து, அங்கிருந்து ஏரி வழியாக டெட்ராய்ட்டுக்கு வருவது சுலபமாகிவிட்டது. அரசு நிலம் ஏக்கர் ஒன்றே கால் டாலர். ஜனங்கள் குவிந்தார்கள். 1827 ஏப்ரல் 12 அன்று பிரதேச சட்ட மன்றம் வெய்ன் கவுன்ட்டியைப் புதிதாகப் பிரித்தது. டெட்ராய்ட், ஸ்பிரிங்வெல்ஸ், ஹாம்ட்ராமிக், மொங்குவாகன், பிரவுன்ஸ்டவுன், இகோர்ஸ், ஹியூரான், பிளிமத், பக்லின் என்று ஒன்பது டவுன்ஷிப்புகள்.

இந்தப் பட்டியலை மெதுவாகப் படித்தால் யார் யார் அங்கே இருந்தார்கள் என்பது தெரிந்துவிடும். இகோர்ஸ், மரப்பட்டைக்குப் பெயர்போன ஆற்றுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். ஸ்பிரிங்வெல்ஸ் இருந்த ஊற்றுப் பகுதியையும் அவர்கள் பெல் ஃபொன்டேன் என்றுதான் சொல்லிவந்தார்கள். மொங்குவாகன் வயன்டாட் மக்கள் குடியிருந்த இடம். 1812 ஆகஸ்டில் அங்கே ஒரு சண்டையே நடந்தது. பிரவுன்ஸ்டவுன் என்பது ஆடம் பிரவுன் என்பவரை ஒட்டி வந்தது. சிறு பையனாக இருந்தபோது வர்ஜீனியாவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு, வயன்டாட் மக்களிடம் வளர்ந்து, அவர்களிலேயே ஒரு தலைவரானவர் அவர். பிளிமத், மாசசூசெட்ஸ் கரையில் இறங்கிய முன்னோர்களின் ஊர். பக்லின் அந்தப் பக்கம் முதலில் குடியேறியவர்களில் ஒருவரின் குடும்பப் பெயராக இருக்கலாம் என்பார்கள்.

இனி பக்லினை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

பக்லின் டவுன்ஷிப் நான்கு அளவைச் சதுரங்களைக் கொண்டது, இரண்டுக்கு இரண்டாக. பன்னிரண்டு மைல் நீளம், பன்னிரண்டு மைல் அகலம். நடுவில் ரூஜ் ஆற்றின் கிளைகள், சதுப்பு, அடர்ந்த காடு. பாதை என்று சொல்ல முடிந்தது சிகாகோ ரோடு ஒன்றுதான். இன்று அது மிச்சிகன் அவென்யூ. டவுன்ஷிப் கூட்டம் என்றால் வாக்குரிமை உள்ளவர்கள் நேரில் போய்ச் சேர வேண்டும். அந்தக் கூட்டத்தில்தான் மேற்பார்வையாளர், எழுத்தர், வரி மதிப்பிடுபவர், ரோடு கமிஷனர், கான்ஸ்டபிள், ஏழைகளைக் கவனிப்பவர், வேலித் தகராறைத் தீர்த்துவைப்பவர் எல்லோரையும் தேர்ந்தெடுப்பார்கள். வேலித் தகராறு என்பது சின்ன விஷயமில்லை. பக்கத்து வீட்டுப் பன்றி சோளக் கொல்லையில் புகுந்துவிட்டால் வேலி சரியாக இருந்ததா இல்லையா என்று வந்து பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். வடகோடியில் இருந்தவர் இதற்கெல்லாம் காட்டுப் பாதையில் பத்து மைல் நடந்து வருவது நடக்கிற காரியமா? பிரித்துக் கொடுங்கள் என்று மனுப் போட்டார்கள்.

மனுப் போடுவதும், சட்ட மன்றம் பிரித்துக் கொடுப்பதும் அந்தக் காலத்தில் வாடிக்கையான வேலை. சட்டத்தின் வாசகமும் ஒரே அச்சுதான். இந்த எண்ணுள்ள அளவைச் சதுரம் இனி இன்ன பெயருள்ள தனி டவுன்ஷிப், முதல் டவுன்ஷிப் கூட்டம் இன்னாருடைய வீட்டில் நடக்கும். பஞ்சாயத்துக் கட்டிடம் ஏது, யாராவது ஒருவருடைய கூடம்தான். சதுரத்தைக் குறிக்க எண் போதும் என்பதால், சட்டத்தைப் பொறுத்தவரை பெயர் கடைசியாக ஒட்டப்படும் சீட்டுதான். எண் மாறாது, பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மிச்சிகனில் பெயர்கள் இவ்வளவு சுலபமாக மாறியதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பக்லினைத் தெற்கு வடக்காக இரண்டாக வெட்டினார்கள். வெட்டிய கோடு இரண்டு அளவைச் சதுரங்களுக்கு நடுவே ஓடும் கோடு. இன்று அதற்கு இங்க்ஸ்டர் ரோடு என்று பெயர். இரண்டு பாதிகளுக்கும் முதலில் யோசித்த பெயர்கள் லீமா, ரிச்லேண்ட். இரண்டும் ஏற்கனவே வேறு இடங்களுக்குப் போய்விட்டன என்று நிராகரிக்கப்பட்டன. ஒரே பிரதேசத்துக்குள் ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்தால் தபால் எங்கே போகும் என்ற கவலை நியாயமானதுதான். வேறு யாரும் எடுத்திருக்க முடியாத பெயர் வேண்டும். 1829 அக்டோபரில் மேற்குப் பாதி நான்கின் ஆனது, கிழக்குப் பாதி பீகின் ஆனது.

ஏன் சீனா? அன்றைய அமெரிக்கர்களுக்குச் சீனப் பெயர்கள் அந்நியமாக இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1784இலேயே நியூயார்க்கிலிருந்து ஒரு கப்பல் கேன்டனுக்குக் கிளம்பிப் போய்த் தேயிலையோடு திரும்பிவிட்டது. அதன்பின் தேயிலையும் பட்டும் பீங்கானும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. நான்கின் என்ற பெயரோ மளிகைக் கடைக்காரருக்கும் தெரிந்த பெயர். மஞ்சள் சாயல் கொண்ட ஒருவகை உறுதியான பருத்தித் துணிக்கே அந்த ஊரின் பெயர்தான். ஆண்கள் கோடைக்குப் போடும் கால்சட்டை அந்தத் துணியில் தைத்தது. தூரத்து ஊர், காதில் விழுந்து பழகிய பெயர், அண்டை அயலில் யாரும் வைத்திருக்க வாய்ப்பே இல்லை: மூன்றும் சேர்ந்தால் பெயர் தேடி அலைந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்.

பீகின் நிலைக்கவில்லை. அங்கே இருந்தவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டவில்லை போலும். 1833இல் அவர்களே மனுப் போட்டு ரெட்ஃபோர்ட் என்று மாற்றிக்கொண்டார்கள். ரூஜ் ஆற்றைக் கால்நடையாகக் கடக்கும் துறை ஒன்று அங்கே இருந்தது, அதிலிருந்து வந்த பெயர். அதே ஆண்டு தென்பாதி பிரிந்து டியர்பார்ன் டவுன்ஷிப் ஆனது. சிகாகோ ரோட்டில் அப்போது கட்டத் தொடங்கிய ஆயுதக் கிடங்கைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புக்கு, முன்னாள் போர்த் துறைச் செயலாளர் ஹென்றி டியர்பார்ன் பெயர். இந்தத் துண்டுக்குப் பெயர் நிலைக்க இன்னும் மூன்று வருடம் ஆனது. 1834 அக்டோபரில் அதை மறுபடியும் பக்லின் ஆக்கினார்கள். 1836 மார்ச்சில் திரும்பவும் டியர்பார்ன். ஒருவர் வீட்டை மாற்றாமலேயே ஒன்பது வருடத்தில் பக்லின்காரர், பீகின்காரர், டியர்பார்ன்காரர், பக்லின்காரர், மறுபடி டியர்பார்ன்காரர் என்று ஐந்து முறை ஆகியிருக்க முடியும்.

நான்கினும் 1835 மார்ச் 17 அன்று குறுக்கே வெட்டப்பட்டது. வடபாதிக்கு லிவோனியா என்று பெயர். பால்டிக் கடலோரத்துப் பழைய நாட்டின் பெயர் அது, ஆனால் இங்கே வந்த வழி நியூயார்க் மாநிலத்தில் இருந்த லிவோனியா. தென்பாதி நான்கினாகவே இருந்தது.

இப்போது வரைபடத்தில் ஒரு இடத்தைக் கைகாட்ட வேண்டும். இங்க்ஸ்டர் ரோடும் ஜாய் ரோடும் வெட்டிக்கொள்ளும் சந்திப்பு. 1827இல் அது பக்லினின் நட்ட நடு. 1829இல் இங்க்ஸ்டர் ரோட்டுக் கோட்டில் ஒரு வெட்டு, 1833இலும் 1835இலும் ஜாய் ரோட்டுக் கோட்டில் இரண்டு வெட்டு. இன்றைக்கு அந்தச் சந்திப்பில் நின்றால் நான்கு மூலைக்கு நான்கு ஊர்: வடமேற்கில் லிவோனியா, வடகிழக்கில் ரெட்ஃபோர்ட், தென்கிழக்கில் டியர்பார்ன் ஹைட்ஸ், தென்மேற்கில் வெஸ்ட்லேண்ட். நான்கில் இரண்டின் பெயர் மாறிவிட்டது. கோடு ஒரு அடி நகரவில்லை. சிக்னலில் பச்சை விழுந்து நேராகப் போனால் போலீஸ் மாறுகிறது, சொத்து வரி மாறுகிறது. ஜாய் ரோட்டையே பிடித்துக்கொண்டு மேற்கே போனால் அது பிளிமத்துக்கும் கேன்டனுக்கும் எல்லையாகிறது. 1834 மார்ச் 7 அன்று பிளிமத்தின் தென்பாதியைப் பிரித்துக் கேன்டன் ஆக்கியபோதும் அதே அளவைக் கோட்டைத்தான் பிடித்தார்கள்.

தேதிகளைக் கவனித்தால் இன்னொன்றும் புலப்படும். கேன்டன் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பே பீகின் மறைந்துவிட்டது. மூன்று சீன நகரங்களை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு விளையாடினார்கள் என்று பலர் சொல்வதுண்டு. மூன்றும் ஒரே வரைபடத்தில் ஒருபோதும் இருந்ததில்லை. நான்கினுக்கு அண்டையில் பிறந்த டவுன்ஷிப் அதே வழியில் ஒரு பெயரைத் தேடிக்கொண்டது என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது.

1835 ஏப்ரலில் தெற்கே இன்னும் இரண்டு. ஹியூரானிலிருந்து பிரிந்த ஒன்றுக்கு அப்போதைய துணை ஜனாதிபதி வான் பியூரன் பெயர். இன்னொன்று ராமுலஸ், ரோம் நகரை நிறுவியவனின் பெயர் நியூயார்க்கின் ராமுலஸ் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. டெட்ராய்ட் விமான நிலையம் இருப்பது அந்த ராமுலஸில்தான். 1840இல் ஹியூரானின் மேற்குப் பகுதி வெஸ்ட் ஹியூரான் என்று பிரிந்து, சீக்கிரமே சம்ப்டர் ஆனது. புரட்சிப் போர்த் தளபதி தாமஸ் சம்ட்டருக்காக வைத்தது. நடுவில் ஒரு எழுத்து கூடிவிட்டது, அப்படியே நிலைத்துவிட்டது. 1847இல் இகோர்ஸிலிருந்து பிரிந்தது டெய்லர். மெக்சிகோ போரில் சக்கரி டெய்லர் வெற்றி மேல் வெற்றி பெற்றுக்கொண்டிருந்த நேரம் அது. குரோஸ் பாயின்ட் 1848இல் ஹாம்ட்ராமிக்கிலிருந்தும், நார்த்வில் 1898இல் பிளிமத்திலிருந்தும் பிரிந்தன. அந்தக் கடைசி வெட்டு ஒரு சதுரத்தின் நடுவிலேயே விழுந்ததால்தான் பிளிமத்தும் நார்த்வில்லும் மற்றவற்றில் பாதியளவே இருக்கின்றன.

பிரிப்பது அத்தோடு ஏறக்குறைய முடிந்தது. அப்புறம் நடந்தது விழுங்குவது.

மிச்சிகன் சட்டப்படி நகரம் என்பது டவுன்ஷிப்பிலிருந்து முற்றிலும் தனியான அமைப்பு. ஒரு நகரம் பக்கத்து டவுன்ஷிப்பின் நிலத்தை வாக்கெடுப்பு வைத்து இணைத்துக்கொள்ளலாம். இன்னொரு நகரத்தின் நிலத்தை அப்படி எடுக்க முடியாது. கார் தொழிற்சாலைகள் வந்து டெட்ராய்ட் ஊதிப் பெருத்தபோது, சுற்றியிருந்த டவுன்ஷிப்புகள் ஒவ்வொன்றாக அதற்குள் போயின. வடமேற்கில் முழுச் சதுரமாக இருந்த கிரீன்ஃபீல்ட் 1926க்குள் ஏறக்குறைய முழுதாகக் கரைந்துவிட்டது. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா பிறந்த டவுன்ஷிப் அது. அந்தப் பெயர் இன்று ஒரு சாலையிலும், ஹென்றி ஃபோர்டு டியர்பார்னில் அமைத்த கிரீன்ஃபீல்ட் வில்லேஜ் அருங்காட்சியகத்திலும் மிஞ்சியிருக்கிறது. ரெட்ஃபோர்டின் கிழக்குப் பகுதியும் டெட்ராய்ட்டுக்குள் போயிற்று.

1798இன் நால்வரில் ஒன்றான ஹாம்ட்ராமிக்கின் கதி இன்னும் விசித்திரம். டவுன்ஷிப் தேய்ந்து தேய்ந்து, நடுவில் ஒரு துண்டு 1901இல் கிராமமாகவும் 1922இல் நகரமாகவும் தன்னைப் பதிவு செய்துகொண்டு தப்பித்தது. இரண்டு சதுர மைல்தான். ஹைலேண்ட் பார்க் என்ற இன்னொரு சிறு நகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கம் போக, சுற்றிலும் டெட்ராய்ட். டாட்ஜ் தொழிற்சாலைக்கு வந்த போலந்துக்காரர்களின் ஊராக இருந்து, இப்போது ஏமன், வங்கதேச மக்களின் ஊராகியிருக்கிறது. கியூபெக்கில் பிறந்த ஒரு படைத் தளபதியின் பெயரை வங்காளிக் கடைப் பலகையில் படிக்கலாம்.

ஸ்பிரிங்வெல்ஸும் நகரமாகித்தான் தப்பிக்கப் பார்த்தது. ஹென்றி ஃபோர்டு பிறந்த பண்ணை அதில்தான் இருந்தது. ரூஜ் ஆற்றங்கரையில் அவர் கட்டிய மாபெரும் ஆலையும் அதில்தான். 1919இல் கிராமம், 1924இல் நகரம், 1925 டிசம்பரில் பெயர் மாற்றம்: ஃபோர்ட்ஸன். ஃபோர்டும் மகனும் என்பதைச் சேர்த்துச் சொன்ன பெயர், அவர்கள் விற்ற டிராக்டரின் பெயரும் அதுவே. படைத் தளபதி, ஜனாதிபதி வரிசையில் இப்போது ஒரு கம்பெனி. அதற்கும் ஆயுள் மூன்று வருடம்தான். 1929 ஜனவரியில் டியர்பார்னும் ஃபோர்ட்ஸனும் ஒரே நகரமாக இணைந்தபோது பழைய பெயரே வென்றது. ஃபோர்ட்ஸன் உயர்நிலைப் பள்ளி மட்டும் தன் பெயரை விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறது.

நகரமாவது என்பது வெறும் நிர்வாகச் சௌகரியம் இல்லை. அதில் யாரை உள்ளே வைப்பது, யாரை வெளியே விடுவது என்ற கணக்கும் இருந்தது. ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளர்களுக்கு டியர்பார்னில் வீடு கிடைக்காது. அவர்கள் மேற்கே இங்க்ஸ்டரில் குடியேறினார்கள். ஷெட்லாந்து தீவில் பிறந்து இங்கே மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்த ராபர்ட் இங்க்ஸ்டரின் பெயர் கொண்ட குடியிருப்பு அது. 1926இல் கிராமமானது. 1960 வாக்கில் டியர்பார்ன் டவுன்ஷிப்பில் மிச்சமிருந்தது வடக்கே ஒரு துண்டு, தெற்கே ஒரு துண்டு, நடுவில் இங்க்ஸ்டர். அந்த இரண்டு துண்டுகளையும் ஒரு குறுகிய பட்டையால் தைத்து டியர்பார்ன் ஹைட்ஸ் என்று ஒரே நகரமாக்கத் திட்டம் போட்டார்கள். இங்க்ஸ்டர் வழக்குப் போட்டது. இதன் நோக்கம் கறுப்பினத்தவரை ஒதுக்குவதுதான் என்று வாதாடியது. வழக்கு தோற்றது. 1963இல் டியர்பார்ன் ஹைட்ஸ் பிறந்தது, அடுத்த வருடம் இங்க்ஸ்டரும் நகரமானது. வரைபடத்தில் டியர்பார்ன் ஹைட்ஸ் இடுப்பு ஒடுங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, எல்லைக்கோடு போடுவது அளவைக்காரரின் வேலை மட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே ஒரு சமூகத்தை விலக்கி வைத்ததன் தடம் அப்படியே பதிந்திருக்கிறது.

நான்கினுக்கும் முடிவு இந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. கார்டன் சிட்டி முன்பே அதன் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு நகரமாகிவிட்டது. வெய்ன் என்ற ஊரும் தனியாகப் போய்விட்டது. லிவோனியா 1950இல் தன் முழுச் சதுரத்தோடும் நகரமாகி, வடக்கே பலமாக நின்றது. மீதியிருந்த நான்கினில் 1965இல் ஒரு ஷாப்பிங் மால் திறந்தார்கள். டெட்ராய்ட்டின் ஹட்சன்ஸ் கடைக்காரர்கள் திசைக்கு ஒன்றாக மால் கட்டிக்கொண்டிருந்தார்கள்: 1954இல் நார்த்லேண்ட், 1957இல் ஈஸ்ட்லேண்ட், பின்னால் 1970இல் சவுத்லேண்ட். இது மேற்கே இருந்ததால் வெஸ்ட்லேண்ட்.

மால் என்றால் சொத்து வரி. லிவோனியா அந்த இடத்தை இணைத்துக்கொள்ளப் பார்த்தது. அது போனால் டவுன்ஷிப்பின் வருமானத்தில் பெரிய ஓட்டை விழும். தப்பிக்கத் தெரிந்த வழி ஒன்றுதான்: நகரமாகிவிடுவது. 1966 மே மாதம் நான்கின் டவுன்ஷிப் நகரமாகப் பதிவானது, பெயரையும் சேர்த்தே மாற்றிக்கொண்டது. 137 வருடப் பெயர் போய், ஒரு வருடம்கூட ஆகாத மாலின் பெயர் வந்தது.

அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான்கின் என்றால் வெளியூர்க்காரருக்கு எங்கே என்று தெரியாது, வெஸ்ட்லேண்ட் என்றால் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வரிப்பணம் எங்களுக்கு என்று உரிமை கொண்டாட அந்தப் பெயரைவிடப் பலமான சீட்டு வேறில்லை. ஆனாலும் இழப்பு இழப்புதான். நான்கின் என்ற பெயர் இருந்தவரை, காட்டை வெட்டிய விவசாயிகள் சீனத் துணியை உடுத்திக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது என்று கேட்பவர்க்குச் சொல்ல ஒரு பிடி இருந்தது. இப்போது அந்தப் பிடி நான்கின் மில்ஸ் என்ற பழைய மாவு ஆலையில் இருக்கிறது. 1918இல் ஹென்றி ஃபோர்டு அதை வாங்கிச் சிறு பட்டறையாக்கினார்; இப்போது கவுன்ட்டி பூங்காத் துறையின் கையில் இருக்கிறது. அதைவிடப் பழைய பெயர்கள் தண்ணீரில் கொஞ்சம் தங்கியிருக்கின்றன. பிளிமத்தில் தொடங்கி வெஸ்ட்லேண்ட் பக்கம் ஓடும் ஓடைக்கு டாங்குவிஷ் என்ற போடவாடோமித் தலைவரின் பெயர். மொங்குவாகன் டவுன்ஷிப்போ இன்று இல்லவே இல்லை. அதிலிருந்து 1914இல் குரோஸ் ஈல் தீவு தனி டவுன்ஷிப்பாகப் பிரிந்தது, மிச்சம் ட்ரென்டன், ரிவர்வியூ நகரங்களுக்குள் போய்விட்டது.

கேன்டன் மட்டும் எப்படித் தப்பித்தது? ஒன்று, தூரம். டெட்ராய்ட்டின் வளர்ச்சி அங்கே வந்து சேர நாளானது. 1960களில்கூடக் கேன்டன் பெரும்பாலும் விவசாய நிலம்தான். இரண்டு, சட்டம். 1947இல் மிச்சிகன் சார்ட்டர் டவுன்ஷிப் என்ற புது வகையை உண்டாக்கியது. மக்கள்தொகையும் சேவைகளும் ஒரு அளவைத் தாண்டிய டவுன்ஷிப்புகள் நகரமாகாமலேயே நகரத்துக்குரிய அதிகாரங்கள் சிலவற்றைப் பெறலாம். பின்னால் வந்த திருத்தங்கள் பக்கத்து நகரம் நிலத்தை இணைத்துக்கொள்வதையும் கடினமாக்கின. கேன்டன் 1961இல் அந்த வகைக்கு மாறிக்கொண்டது. நான்கினைப்போல அவசரமாக நகரமாகிப் பெயரை மாற்ற வேண்டிய நெருக்கடி அதற்கு வரவில்லை.

பலன், 2020 கணக்கெடுப்பில் கேன்டன் டவுன்ஷிப்பில் 98 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். பக்கத்து நகரங்களான லிவோனியாவில் 95 ஆயிரம், வெஸ்ட்லேண்டில் 85 ஆயிரம். வெய்ன் கவுன்ட்டியில் இன்று 34 நகரங்கள், ஒன்பது டவுன்ஷிப்புகள். 1827இலும் ஒன்பதுதான். ஆனால் அந்தப் பழைய ஒன்பதில் இன்னும் டவுன்ஷிப்பாக இருப்பவை பிளிமத், ஹியூரான், பிரவுன்ஸ்டவுன் மூன்றே. பிரவுன்ஸ்டவுனும் நகரங்கள் கடித்தது போக ஒன்றோடொன்று ஒட்டாத துண்டுகளாகக் கிடக்கிறது. கேன்டன், வான் பியூரன், சம்ப்டர், ரெட்ஃபோர்ட், நார்த்வில், குரோஸ் ஈல் ஆகிய மற்ற ஆறும் பின்னால் வெட்டி எடுக்கப்பட்டவை. இவற்றில் 1830களின் முழுச் சதுரத்தையும் பெயரையும் சேர்த்துக் காப்பாற்றி வைத்திருக்கும் டவுன்ஷிப் என்றால் முதலில் சொல்ல வேண்டியது கேன்டனைத்தான்.